கம்பெனி மாறினால் தண்ணீர் மாறுமா?

கோடை வந்துவிட்டால் நந்தனம் சிக்னல் டீக்கடையில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். "இங்கிலாந்துல தண்ணி கம்பெனியையே மாத்திக்கலாமாம் சார். இங்கயும் அப்படி வந்தா மூணாவது மாடிக்கும் தண்ணி ஏறுமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். டீ வருவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கேள்விப்பட்டது பாதி சரி. 2017 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் கடை, ஓட்டல், பள்ளி, ஆலை போன்றவை தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தங்களுக்குப் பிடித்த கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்காட்லாந்தில் 2008-லேயே இது வந்துவிட்டது. வீடுகளுக்கு இரண்டு இடத்திலும் அந்த உரிமை கிடையாது. நம் மாடிக்காரர் அங்கே குடியேறினாலும் பயனில்லை.

எல்லோரும் சறுக்குவது வேறு இடத்தில். கம்பெனி மாறினால் குழாயில் வருவதும் மாறும் என்று நினைக்கிறோம். மாறாது. ஆவின் பால் போடுகிறவரை நிறுத்திவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்கிறோம். பாக்கெட்டுக்குள் இருப்பது அதே பால்தான். காலையில் வருகிற ஆளும், மாதக் கடைசியில் வருகிற கணக்கும்தான் வேறு. அங்கேயும் அப்படியே. நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு நிலையம், தெருவுக்கடியில் ஓடும் குழாய், சாக்கடை எல்லாம் பழைய கம்பெனியிடமே இருக்கும். அது மொத்த வியாபாரி. சில்லறைக் கம்பெனி மீட்டர் பார்க்கும், பில் போடும், புகார் போனை எடுக்கும். பில்லில் பத்து ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் போல மொத்த வியாபாரிக்கே போய்விடும். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் மூடியைத் தூக்க வருவதும் அவருடைய ஆட்கள்தான். பிரஷர் ஒரு சொட்டும் கூடாது.

பில் போடுகிற ஆள் மட்டும்தான் மாறுகிறார் என்றால், இதற்குச் சட்டமும் விதியும் எதற்கு? ஏனென்றால், சில்லறை வேலையே வேண்டாம் என்று ஒரு கம்பெனி ஒதுங்கலாம். லண்டனின் தேம்ஸ் வாட்டர் அப்படித்தான் 2017-ல் தன் வணிக வாடிக்கையாளர்களை மொத்தமாக காஸில் வாட்டர் என்ற கம்பெனிக்குக் கைமாற்றியது. வாடிக்கையாளர் கேட்டு நடந்ததில்லை இது. அதனால்தான் இப்படி விலக அரசின் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை ஆணையமோ, கைமாறி வந்தவர்களிடம் இஷ்டத்துக்கு வசூலிக்கக் கூடாது என்று விலைக்கு உச்சவரம்பு போட்டது. பிடிக்காதவர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம்.

மாறுகிற நாளில் எல்லாம் ஒரே ஒரு எண்ணில் நிற்கிறது: மீட்டர் காட்டும் அளவு. அதுவரை பழையவர் கணக்கு, அதற்குமேல் புதியவர் கணக்கு. கழிவுநீருக்குப் பெரும்பாலும் தனி மீட்டர் இல்லை. உள்ளே போன தண்ணீரை வைத்தே வெளியே போனதையும் கணக்கிடுகிறார்கள். எனவே அந்த எண் பிசகினால் இரண்டு கணக்கும் பிசகும்.

நம் ஊரிலும் கைமாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் சில்லறை, மொத்தம் என்று பிரிக்காமல். 1978-ல் தனிச் சட்டம் போட்டு, சென்னை மாநகராட்சியிடம் இருந்த குடிநீரையும் கழிவுநீரையும் மெட்ரோவாட்டர் வாரியத்திடம் கொடுத்தார்கள். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, இணைந்த 42 உள்ளாட்சிகளின் தண்ணீர்ப் பொறுப்பும் அந்த வாரியத்திடமே வந்து சேர்ந்தது. தனியாரும் வந்தார்கள், ஆனால் எதிர்ப்பக்கமாக. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் திறந்த ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர் வரை கடல்நீரைக் குடிநீராக்கி வாரியத்துக்கு விற்பதற்காகத் தனியார் கட்டியது. நமக்கு பில் போடுவது என்னவோ வாரியம்தான்.

இங்கிலாந்து மாதிரி இங்கே செய்ய வேண்டுமானால் முதலில் மீட்டர் வேண்டும். சென்னையின் பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. மாநகராட்சி நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பை வைத்து வரி, அதோடு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம். எத்தனை குடம் பிடித்தோம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. கைமாற்றுவதற்கு ஓர் எண்கூட இல்லாத இடத்தில் கம்பெனி மாற்றும் பேச்சு ரொம்ப முன்கூட்டியது என்பதே என் கட்சி. மீட்டர் வரட்டும், மற்றதைப் பிறகு பேசுவோம்.