தந்தையர் சொல்லும் மைந்தர் வழியும்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரிலே இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று காந்தியடிகளுடையது, என் பாட்டனார் மாட்டியது. மற்றது தந்தை செல்வாவினுடையது; என் தகப்பனார் மாட்டியது. போர்க்காலத்தில் நாங்கள் வீடு விட்டு வீடு மாறியபோதெல்லாம் அரிசி மூட்டையோடும் காணி உறுதிகளோடும் இவையும் எங்களுடன் வந்தன. 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி காலை, பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் புறப்பட்ட என் பேர்த்தி, செருப்பை மாட்டிக்கொண்டே அச்சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பப்பா, நீங்கள் ஏன் இந்தச் சுவரிலை ஒரு படமும் மாட்டேல்லை?"

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். நான் விடை கூறவில்லை. முடிவுகள் வெளியான பின்னரே அக்கேள்வி என்னைக் குடையத் தொடங்கியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. "இளைஞர் கெட்டுவிட்டனர், இனப்பற்று அற்றுப் போயிற்று" என்று என் வயதொத்த அன்பர் பலர் அங்கலாய்த்தனர். எனக்கு அவ்வாறு கூற நா எழவில்லை. இத்தகைய பிரிவுகளை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே நான் முன்னரும் கண்டிருக்கிறேன்.

என் பாட்டனார் ஆசிரியர், கதர் உடுத்தவர். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயருடன் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய சபையின் தொண்டர். அச்சபையின் உயிர்நாடியாக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகமும் ஓர் ஆசிரியரே. சேர் பட்டங்களும் சட்டசபை ஆசனங்களுமாக நடந்த முந்திய தலைமுறையின் அரசியல் அவ்வாலிபருக்குக் கசந்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளிலே சமஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்றனர். தாய்மொழிக் கல்வி வேண்டுமென்றனர். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். இன்னொரு செய்தி இக்காலத்தவருக்கு வியப்பளிக்கக்கூடும். ஒக்ஸ்போர்ட்டிலே கற்று மீண்ட இளைஞராகிய பண்டாரநாயக்கா 1926இல் யாழ்ப்பாணம் வந்து, இந்நாட்டுக்கு ஏற்றது சமஷ்டி ஆட்சியே என்று பேசினார். அன்று அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டார் நம்மவரில் அரியர்.

1931இல் டொனமூர்த் திட்டம் பூரண சுயாட்சி தரவில்லையென்று கூறி, வாலிபர் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் வரவில்லை. வாலிபர் காங்கிரஸ் அடைந்த மிகப் பெரிய வெற்றி அது. ஆயின் தெற்கிலே தேர்தல் நடந்தேறிற்று. நம் ஆசனங்கள் மூன்றாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. 1934இல் உபதேர்தல் வந்தபோது பருத்தித்துறையில் வென்று சபை புகுந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1944இல் அவர் தமிழ்க் காங்கிரஸை அமைத்து ஐம்பதுக்கு ஐம்பது என முழங்கினார். 1947இல் ஏழு ஆசனங்களை வென்றார். அதே தேர்தலில் எங்கள் வட்டுக்கோட்டைத் தொகுதியிலே ஹண்டி பேரின்பநாயகம் சுயேச்சையாக நின்று தோற்றார். பாட்டனார் தம் பழைய தோழருக்கு வாக்களித்தார். இருபத்தைந்து வயதினரான என் தகப்பனார் தமிழ்க் காங்கிரஸுக்கு வாக்களித்தார். இருவரும் ஒன்றாகவே நடந்து சென்று ஒன்றாகவே திரும்பினர் என்றும், அன்று முழுவதும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்றும் அப்பாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தகப்பனாரே இரண்டாண்டுகளில் மனம் மாறினார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948இல் வந்தது. அதே ஆண்டில் பொன்னம்பலம் அவர்கள் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் அமர்ந்தார். அவர் காலத்தில் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் "உரிமை, உரிமை" என்று மேடையிலே கேட்டு அதனை நம்பிய இளைஞருக்குச் சீமெந்து போதவில்லை. 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி உதயமாயிற்று.

கட்சி வளர்ச்சியை ஆராய்வோர் 1952ஆம் ஆண்டை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். புதுக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்களே. செல்வநாயகம் அவர்களே காங்கேசன்துறையில் தோற்றார். எங்கள் தொகுதியில் அமிர்தலிங்கம் என்னும் இளைஞரும் தோற்றார். கட்சி பிறந்த தொட்டிலிலேயே இறந்தது என்று பெரியோர் நகைத்தனர். ஆனால் எழுதுவினைஞரிடையேயும் இளம் ஆசிரியரிடையேயும் கல்லூரி மாணவரிடையேயும் கருத்து அதற்கு முன்னரே மாறிவிட்டிருந்தது. மாறிய கருத்து வாக்குப் பெட்டியை அடைய ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. சிங்களம் மட்டும் என்ற கோஷம் அந்நிகழ்ச்சியாக வந்தது. 1956இல் தமிழரசுக் கட்சிக்குப் பத்து ஆசனங்கள். தமிழ்க் காங்கிரஸுக்கு ஒன்று. அந்தத் தோல்வி 1956இல் நேர்ந்ததன்று. எழுதுவினைஞரின் வாடகை அறைகளிலே அது பல ஆண்டுகளுக்கு முன்னரே நேர்ந்துவிட்டது. தலைவர்கள் தேர்தல் முடிவைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டனர்.

1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் தகப்பனார் அமர்ந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு எல்லாம் கலைக்கப்பட்ட பின்னர், குரல் கம்மி, மெலிந்து வீடு வந்தார். செல்வாவின் படத்தை அவர் சுவரில் மாட்டியது அந்த வாரத்திலேதான். 1957இல் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் அதற்கு முன்பே கிழிந்திருந்தது; 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. 1970இல் என் முதல் வாக்கை அமிர்தலிங்கத்துக்கு அளித்தேன், அவர் தோற்றார். அதன் பின் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் வந்தது.

இனி நான் என்னைப்பற்றிச் சொல்லாமலிருக்க இயலாது. 1976 மே 14இல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளிற் செல்லக்கூடிய பண்ணாகத்திலே தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக நான் மேடையேறினேன். நல்ல தமிழிலே பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த விலை கொடுத்தும் பெறுவோம் என்றேன். இது இறுதித் தேர்தல் என்றேன். கைதட்டல் எழுந்தது. மேடைக்குக் கீழே, சைக்கிளிலே சாய்ந்தபடி என் தம்பி நின்று கேட்டான். அவனுக்கு வயது பத்தொன்பது. கூட்டணி பதினெட்டு ஆசனங்களை வென்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இரவு, சாப்பிட்டுக் கைகழுவும்போது தம்பி கேட்டான்: "அண்ணை, அண்டைக்கு மேடையிலை சொன்னதைச் செய்ய உங்களிட்டை என்ன வழி இருக்கு?"

"பொறு, பாப்பம்" என்றேன். அதைத் தவிர என்னிடம் விடை இருக்கவில்லை. 1984இல் ஒருநாள் விடியற்காலையில் அவன் போய்விட்டான். சைக்கிளை விட்டுச் சென்றிருந்தான். அவன் திரும்பி வரவில்லை.

1989 பெப்ரவரியில் மட்டக்களப்பிலே போட்டியிட்ட அமிர்தலிங்கம் தோற்றுத் தேசியப் பட்டியலால் பாராளுமன்றம் சென்றார். ஜூலை 13இல் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது கூட்டங்களிலே தொண்டை கிழியக் கோஷமிட்ட வயதினரிடமிருந்தே அந்தக் குண்டும் வந்தது.

எங்கள் தம்பிமார் எங்களை மறுத்துச் சென்றவர்கள் அல்லர். எங்களை நம்பிச் சென்றவர்கள். சுயாட்சி என்று முந்தியோர் பேசியதைப் பாட்டனார் சொற்பொருளாகவே கொண்டார். உரிமை என்று பொன்னம்பலம் பேசியதைத் தகப்பனார் அவ்வாறே கொண்டார். விடுதலை என்று நான் பேசியதைத் தம்பி கொண்டான். ஒவ்வொரு முறையும் பழைய கட்சி இழந்த இளைஞர், அதே சொல்லை இன்னும் அழுத்தமாகக் கூறியவர் பக்கமே சென்றனர்.

2024இல் நிகழ்ந்தது அத்தகையதன்று. என் நண்பர் பலரும் இங்கேதான் இடறுகின்றனர் என்பது என் கருத்து. தேசிய மக்கள் சக்தி நம் சொல்லை அழுத்திக் கூறிய கட்சியன்று. அதன் மூலக்கட்சியாகிய ஜே. வி. பி., இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றஞ் சென்று 2006இல் வென்றது. எண்களையும் ஒருமுறை பார்த்தல் நன்று. யாழ்ப்பாணத்தில் அக்கட்சி பெற்றது நூற்றுக்கு இருபத்தைந்து வாக்குகள் அளவே. ஏனையவை பற்பல பட்டியல்களிற் சிதறின. முதலிடம் பெற்றதற்கான மேலதிக ஆசனமும் சேர, கால்வாசி வாக்கு அரைவாசி ஆசனமாயிற்று. ஆகவே ஊர் முழுவதும் ஒரே பக்கம் திரும்பிற்று என்பது மிகை. சிதறடித்தவர் யாவர்? 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்னும் ஒரே குடையின் கீழ் இருபத்திரண்டு ஆசனங்களை வென்றவர்கள், ஒவ்வொருவராய் வெளியேறினர். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பாலே தெரிந்தது. தெரிவு வழக்கில் முடிந்தது. சம்பந்தன் அவர்கள் ஜூன் 30இல் மறைந்தபோது குடையின் கம்பிகள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

2006ஆம் ஆண்டு வழக்கைப் பற்றிப் பேர்த்தியிடம் சொன்னேன். அவள் கணக்கியல் படிக்கிறவள்.

"தெரியும் அப்பப்பா. அதை நான் மறக்கேல்லை. ஆனால் எங்கடை ஆக்கள் இவ்வளவு காலமும் என்ன செய்தவை எண்டு ஒருக்கால் கணக்குக் காட்டச் சொல்லுங்கோ."

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வடக்கிலே பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முதலிடம் பெற்றது. "பார்த்தீரா, பிள்ளைகள் திரும்பிவிட்டனர்" என்று முன்பு அங்கலாய்த்த அதே அன்பர் மகிழ்ந்தார். வாக்களித்து வந்த பேர்த்தியிடம் எதற்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"இந்த முறை வீடு" என்றாள். "எங்கடை வட்டாரத்திலை நிக்கிறவரை எனக்குத் தெரியும். மழைக்கு முதல் வாய்க்கால் துப்புரவாக்கினவர்."

கட்சி மாறினாயோ, திரும்பினாயோ என்று கேட்க வாயெடுத்தேன். அவளுக்கு அக்கேள்வி விளங்கியிராது. அன்று மாலை என் பெட்டியைத் திறந்து, பாடசாலை நாட்களில் எடுத்த தம்பியின் சிறு படத்தை அவளிடம் கொடுத்தேன். சட்டத்துக்குள் இடவும் சுவரில் மாட்டவும் இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கை வராத படம். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்திலே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இவர் ஆருக்கு வோட்டுப் போட்டவர், அப்பப்பா?"

"ஒரேயொருமுறை போட்டவன்" என்றேன். "1977இலை. நான் சொன்ன கட்சிக்கு."