யோசனையும் உழைப்பும்

திருச்சானூர் தாயாரைத் தரிசிக்கிறோம். ஊர் திரும்பச் செல்போனிலேயே பஸ் டிக்கெட் எடுக்கிறோம். இந்த வசதி எப்படி வந்தது?

2005 தீபாவளி. பெங்களூரில் வேலை பார்த்த பணீந்திர சாமாவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. எந்த பஸ்ஸில் இடம் காலி? ஒரே இடத்தில் தெரிந்தால் நல்லதே என்று யோசித்தார். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். மூவரும் பொறியாளர்கள். பஸ் முதலாளிகளை நேரில் பார்த்துப் பேசினார்கள். 2006இல் 'ரெட்பஸ்' தொடங்கியது. இங்கே யோசனை சொன்னவரும் உழைத்தார்.

எல்லோரும் அப்படி இல்லை. நகரங்களில் தொழில் முனைவோர் கூட்டங்கள் நடக்கின்றன. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் இளைஞர்களும் வருகிறார்கள். அவர்களிடம் சிலர் சொல்வது இது: "யோசனை என்னுடையது. நீங்கள் எழுதிக் கொடுங்கள். லாபம் வந்தால் பங்கு தருகிறேன்."

லாபம் வராவிட்டால்? பல மாத உழைப்பு வீண்.

உங்கள் பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்கலாம். அவர் என்ன வேலை செய்வார்? எவ்வளவு பணம் போடுவார்? பங்கு எவ்வளவு? எல்லாவற்றையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்கு லாபமும் சமம், நஷ்டமும் சமம்.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். விதை தந்தவருக்குப் பங்கு உண்டு. உழுதவருக்கும் உண்டு.