கொல்லை மரப் பழங்களை இரவில் தின்பது எது? விரட்டும் முன் அறிய வேண்டியவை

பிகார் மாநிலம் முசாபர்பூரில் மே மாத இறுதியில் லிச்சிப் பழங்கள் சிவக்கத் தொடங்கியதும் தோப்புகளில் இரவுக் காவலும் தொடங்கிவிடும். தகர டப்பாவைத் தட்டி வௌவால்களை விரட்டுவது அங்கு நெடுநாள் வழக்கம். பறித்த பின் லிச்சி பழுக்காது என்பதால், முழுமையாகப் பழுக்கும் வரை அதனை மரத்திலேயே விட்டுவைத்தாக வேண்டும். வீட்டின் பின்புறம் ஓரிரு மா, கொய்யா, சப்போட்டா மரங்களை வளர்ப்போருக்கு இத்தகைய காவல் சாத்தியமில்லை. வலை, விளக்கு, பொறி, சில இடங்களில் நஞ்சு என அவர்கள் வேறு வழிகளை நாடுகின்றனர். இவற்றுள் சில பயனற்றவை. சில சட்டப்படி குற்றம்.

வந்து போனது எந்த விலங்கு என்பதை மரத்தடியே காட்டிக் கொடுத்துவிடும். பழந்தின்னி வௌவால்கள் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருட்டித் துப்பிவிடும் இயல்புடையவை. காலையில் மரத்தடியில் உலர்ந்த சக்கை உருண்டைகள் கிடந்தால் ஐயமே வேண்டாம். மதில் சுவரிலோ கூரையிலோ கொட்டைகள் நிறைந்த எச்சம் காணப்பட்டால் வந்தது மரநாய். இளநீர்க் காய்களின் காம்பருகே வட்டமான துளை இருந்தால் அது எலியின் வேலை. பறந்து வரும் விலங்குக்கும் ஏறி வரும் விலங்குக்கும் தடுப்பு முறை வேறு என்பதால் இந்த வேறுபாட்டை அறிவது முதல் தேவை.

வௌவால்களின் சட்ட நிலை அண்மையில் மாறியுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களும் தீங்குயிரிகள் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 2022-இல் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. இந்தியப் பெரிய பழந்தின்னி வௌவால் தற்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்றுள்ளது. சட்டத்தின் பார்வையில் பொறி வைப்பதும், கண்ணி கட்டுவதும், நஞ்சிடுவதும் வேட்டையே. இரண்டாம் அட்டவணை விலங்குகளை வேட்டையாடினால் 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் இந்த வௌவால்கள், இலுப்பை உள்ளிட்ட மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் விதைப் பரவலுக்கும் துணைபுரிகின்றன.

எனவே விலங்கைத் தாக்குவதை விடுத்துப் பழத்தை மறைப்பதே ஏற்புடைய வழி. வலை கட்டுவோர் பெரும்பாலும் மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்திவிடுகின்றனர். அதில் வௌவாலின் இறக்கைச் சவ்வு சிக்கிக் கிழியும். தரையில் புரளும் பகுதியில் பாம்புகளும் மாட்டிக்கொள்ளும். கண்ணி அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, தடித்த இழையாலான வெண்ணிற வலையைச் சட்டத்தின் மீது இழுத்துக் கட்டினால் இந்தச் சிக்கல் எழாது. விரல் நுழையாத வலையே பாதுகாப்பானது என நினைவில் கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021 முதல் வீட்டுத் தோட்ட வலைகளுக்கு இந்த 5 மில்லிமீட்டர் வரம்பைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. வலையில் சிக்கிய வௌவாலை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும்.

மரம் உயரமானதாக இருந்தால் முழுவதும் வலை போர்த்துவது கடினம். கைக்கெட்டும் குலைகளுக்கு மட்டும் பை கட்டினாலே கணிசமான பழங்கள் தப்பும். முசாபர்பூரில் உள்ள தேசிய லிச்சி ஆராய்ச்சி மையம், காய் பிடித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் குலைகளுக்கு நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் பைகளைக் கட்டுமாறு பரிந்துரைக்கிறது. இதனால் பூச்சித் தாக்குதலும் வெயில் கருகலும் குறையும். மாவும் சப்போட்டாவும் லிச்சியைப் போன்றவை அல்ல. முற்றிய நிலையில் பறித்து வைக்கோலில் பழுக்க வைத்தால் இரவுக் காவலுக்கே வேலையில்லை.

சந்தையில் விற்கப்படும் மீயொலிக் கருவிகளுக்குச் செலவிடுவது வீண். பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியைக் கொண்டு வழியறிவதில்லை. கண்ணையும் மூக்கையுமே நம்பிப் பறக்கிறது. ஒளிவிளக்குகளும் தகர ஓசையும் சில இரவுகளுக்குப் பயன்படும். பின்னர் அவற்றுக்கும் வௌவால்கள் பழகிவிடும்.

மரநாய்க்கும் எலிக்கும் தடுப்பு எளிது. தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள வழுவழுப்பான தகரத் தகட்டை அடிமரத்தைச் சுற்றிக் கட்டினால் நகம் பற்றாது. தென்னையில் எலிகளைத் தடுக்க நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் முறை இது. மரம் பருக்கும்போது தகட்டைத் தளர்த்திக் கட்ட வேண்டும். சுவர், கூரை, மின்கம்பி, பக்கத்து மரம் ஆகியவற்றைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்யாவிட்டால் தகடு கட்டியும் பயனில்லை. வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது விலங்குகளோடு மனித உயிரையும் பறிக்கும் குற்றச் செயலாகும்.

கடிபட்ட பழங்களை என்ன செய்வது என்பதிலும் கவனம் தேவை. பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸின் இயற்கையான உறைவிடமாகும். கேரளத்தில் 2018-இல் இந்த வைரஸ் பரவியபோது 17 பேர் உயிரிழந்தனர். கடித்த தடமுள்ள பழத்தில் அப்பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு உண்பது ஆபத்து. அவற்றைக் கால்நடைகளுக்கும் போடக் கூடாது. மலேசியாவில் 1998-99-இல் பழ மரங்களை ஒட்டியிருந்த பண்ணைகளில் பன்றிகளுக்குத் தொற்றிய பின்னரே இந்நோய் மனிதர்களிடம் பரவியது. உதிர்ந்த பழங்களைக் கையுறை அணிந்து திரட்டிக் குழியில் புதைத்துவிட வேண்டும். கடிபடாத பழங்களையும் நன்கு கழுவித் தோல் நீக்கியே உண்ண வேண்டும்.