கரண்ட் போன பகலில் பூட்டிக்கொண்ட வீடு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று அன்றே அறிவித்தார்கள். நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டில் அந்த நேரம் மூத்தம்மாவுக்கு நெபுலைசர் பிடித்துக்கொண்டிருந்தோம். இயந்திரம் நின்றது. இழுப்பு நிற்கவில்லை.

கல்முனை ஆஸ்பத்திரிக்குக் காரில் சில நிமிடத் தூரம்தான். கார் முன்னால் நின்றது. காருக்கு முன்னால் ரோலர் கதவு இறங்கிக் கிடந்தது. ராத்தா றிமோட்டை அழுத்திப் பார்த்தா. பிறகுதான் கரண்ட் இல்லாமல் றிமோட் என்ன செய்யும் என்ற நினைவு வந்தது. எங்கள் வளவு ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் மதில், முன்பக்கம் முழுவதும் அந்த ஒரே கதவு. வேறு வாசல் கிடையாது.

மச்சான் கட்டாரில். ராத்தா போன் எடுத்தா.

“பக்கத்தில சங்கிலி ஒண்டு தொங்கும், அதப் புடிச்சி இழுங்க.”

“சங்கிலியக் காணல்லயே!”

சங்கிலி இருந்தது. கதவு சுருளும் உருளை வெளியே தெரியக் கூடாது என்று பலகை அடித்தபோது, தொங்கிய சங்கிலியையும் சுருட்டி உள்ளே வைத்து மூடிவிட்டிருந்தார்கள். அடுத்த வீட்டு மேசன் அண்ணன் மதிலில் ஏணி சாத்தி உள்ளே இறங்கினார். “தங்கச்சி, முதல்ல மெயின நிப்பாட்டுங்க” என்றார். பலகையைக் கழற்றிச் சங்கிலியை எடுத்து, ஒரு பக்கமாக இழுக்க இழுக்கக் கதவு சாண் சாணாக மேலே போனது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூத்தம்மா தேறி வீடு வந்தா. அந்த அரை மணி நேரம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

கையால் திறக்கும் வழி

கரண்டில் ஓடும் கதவுகளில் கையால் திறக்க ஒரு வழி வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் மோட்டார் பூட்டிய பெரிய கதவுகளில் அது சங்கிலி. உருளையின் நடுவே மோட்டார் இருக்கும் கதவுகளில் அது ஒரு கயிறு அல்லது கம்பி; இழுத்தால் மோட்டாரின் பிரேக் விடும், பிறகு கதவைக் கையாலேயே தூக்கலாம். சிலவற்றில் ஒரு திறப்பைப் போட்டுத் திருப்ப வேண்டும். இதில் உங்கள் வீட்டில் இருப்பது எது?

இந்தக் கேள்விக்கு வீட்டில் உள்ள எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? நம் பகுதியில் எத்தனையோ வீடுகள் வெளிநாட்டு உழைப்பில் எழும்பியவை. கதவு பூட்டிய அன்று, பூட்டியவர் வீட்டு ஆம்பிளையிடம் மட்டும் இரண்டு நிமிடம் விளக்கிவிட்டுப் போவார். கேட்டவர் அடுத்த மாதம் விமானம் ஏறுவார். அந்தக் கதவோடு வாழப்போகிறவர்கள் உம்மாவும் ராத்தாவும் பிள்ளைகளும்தான். அவர்கள் கையில் இருப்பது றிமோட் மட்டும்.

கையால் திறக்கும்போது மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. முதலில் மோட்டாருக்குப் போகும் சுவிட்சை நிறுத்துங்கள். சங்கிலி கையில் இருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் ஆபத்து. பிரேக்கை விடுவிப்பதானால் கதவு முழுவதும் இறங்கியிருக்கும்போதே விடுங்கள். பாதியில் நிற்கும் கதவின் ஸ்பிரிங் பழுதாக இருந்தால் மொத்தப் பாரமும் சடாரென்று விழும். கரண்ட் வந்ததும் விடுவித்ததைப் பழையபடி பூட்டுங்கள். மோட்டார் ஓடுகிறது, கதவு அசையவில்லை என்று பதறும்போது, மின்வெட்டில் விடுவித்ததை மறுபடி பூட்டாததே காரணமாக இருக்கலாம்.

கரண்ட் இருந்தும் திறக்காவிட்டால்

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். ட்றிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா, பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் உள்ள சுவிட்சுக்குக் கதவு அசைந்து, றிமோட்டுக்கு அசையாவிட்டால் பழுது கதவில் இல்லை. றிமோட்டின் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பல றிமோட்டுகளில் இருப்பது சுண்டுவிரல் நுனியளவான 12 வோல்ற் பற்றரி. தூரத்தில் வேலை செய்யாமல் கதவருகே வந்தால் மட்டும் வேலை செய்வது அது தளர்ந்துவிட்டதன் அடையாளம்.

அடுத்து, இராத்திரி யாராவது கைப்பூட்டைப் போட்டார்களா என்று கேளுங்கள். பூட்டு விழுந்திருப்பது தெரியாமல் றிமோட்டை அழுத்தினால் மோட்டார் மேலே இழுக்கும், பூட்டு கீழே பிடிக்கும், நடுவில் தகடுகள் மடங்கும். கைப்பூட்டுப் போட்டால் மோட்டார் சுவிட்சையும் நிறுத்துவது என்று வீட்டில் ஒரு வழக்கம் இருப்பது நல்லது.

மோட்டார் இரைகிறது, ஆனால் கிறுகுதில்லை என்றால் பெரும்பாலும் கப்பாசிற்றர் தளர்ந்திருக்கும், அல்லது வோல்ற்றேஜ் குறைந்திருக்கும். உடனே கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டார் சூடேறும். சூடு கூடினால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டு ஒரே ஒரு தடவை முயன்று பாருங்கள். கப்பாசிற்றரைத் தொடுவது மின் வேலை தெரிந்தவருக்கு உரியது. கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி நிற்கும்.

கதவு திறக்கிறது, மூட மறுக்கிறது என்றால் அது வேறு கதை. வாசலின் இரு பக்கமும் கீழே வைத்திருக்கும் சிறு கண்களைப் பாருங்கள். சிலந்தி வலை, எறும்பு மண், கச்சான் காற்று கொண்டுவந்த தூசி, இவற்றில் எது மறைத்தாலும் குறுக்கே ஆள் நிற்பதாக நினைத்துக் கதவு நின்றுவிடும். துணியால் துடைத்தால் போதும். மூட மறுக்கிறதே என்று அந்தக் கண்களைக் கழற்றிவிடாதீர்கள். அவை பிள்ளைகளின் உயிருக்காக வைத்தவை. அமெரிக்காவில் தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிறு பிள்ளைகள் நசுங்கி இறந்த பிறகுதான், 1993 முதல் செய்யப்படும் வீட்டுக் கதவு மோட்டார்கள் எல்லாவற்றிலும் இத்தகைய பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அந்த நாடு சட்டமாக்கியது.

நீங்கள் தொடவே கூடாதது ஒன்று உண்டு, ஸ்பிரிங். கதவின் பாரத்தை உண்மையில் சுமப்பது அதுதான். இராத்திரி வெடி போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டு, காலையில் கதவு கல்லாகக் கனத்தால் ஸ்பிரிங் அறுந்திருக்கும். அறுந்ததும் சரி, முறுக்கேறி நிற்பதும் சரி, பழக்கமில்லாதவர் கழற்றப்போனால் விரல் போகும், சில நேரம் உயிரே போகும். அதற்கு அந்தத் தொழில் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

உப்பும் மணலும்

நாம் இருப்பது கடற்கரை நாடு. கொண்டல் வீசினாலே உப்பு வந்து படியும், வாடை மழையில் ஈரம் காயாது. இரும்புத் தகட்டின் மேல் பூசிய நாகப் பூச்சு கீறுப்படும் இடத்தில் துரு தொடங்கும். தரையைத் தொட்டுக் கிடக்கும் அடிச்சட்டம்தான் முதலில் அரிபடும். பக்கத் தண்டவாளங்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். கிறீஸும் பழைய எஞ்சின் ஒயிலும் பூச வேண்டாம். அவை மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். சிலிக்கன் ஸ்பிறே மெல்லிதாக அடித்தால் போதும். கதவு இறங்கும்போது புதுச் சத்தம் வந்தால் அன்றே கவனியுங்கள்.

ஓட வேண்டிய ஊர்

2017 ஒக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியது. கரண்ட் போனதால் வாகனக் கதவைத் திறக்க முடியாமல் சிலர் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டு இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கப்படும் வீட்டுக் கதவு மோட்டார்களில், கரண்ட் இல்லாதபோதும் இயங்க பற்றரி இருக்க வேண்டும்.

நமக்குத் தீயைவிடத் தண்ணீர்தான் பழக்கம். 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். அன்று இந்தக் கரையில் ஓடியவர்கள் எல்லாரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். அப்போது கிடுகு வேலிகளும் தகரப் படலைகளும் இருந்த பல இடங்களில் இன்று கரண்டில் ஓடும் இரும்புக் கதவுகள் நிற்கின்றன. கள்ளனுக்குப் பயந்து போட்ட கதவு, ஓட வேண்டிய நேரத்தில் நம்மை மறிக்கக் கூடாது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் முன்பக்கத்தில் ஆள் போகும் அளவுக்காவது ஒரு சிறு வாசல் வையுங்கள், சாதாரணத் திறப்பால் திறக்கும் வாசல். ஏற்கெனவே கட்டியவர்கள் பற்றரி பூட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வசதி இல்லையென்றாலும் பரவாயில்லை, சங்கிலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காசு தேவையில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பலகையை மறுபடி அடிக்கவில்லை. சங்கிலி இப்போது எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொங்குகிறது, வடிவில்லைதான். ஒவ்வொரு மாதமும் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெயினை நிறுத்திவிட்டு ராத்தாவின் மூத்த மகள் அதை இழுத்துக் கதவைத் திறக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் அவள் முடித்ததும் மூத்தம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து, “என்னையும் இழுக்க விடு புள்ள” என்று கேட்டு, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தா. கதவு ஒரு முழம் எழும்பியது.