காணி யார் பெயரில்?

கிண்ணியாவில் அரை ஏக்கரில் என் உம்மா கச்சான் செய்கிறார். கிணறு திருத்த மானியத்துக்கு விண்ணப்பம் நிரப்பினேன். மானியம் செலவில் ஒரு பங்கைத்தான் தரும். மீதிக்கு உம்மாவிடம் சீட்டுக்காசு இருந்தது. இல்லாதது காணிப் பத்திரம். பெர்மிட், சென்ற வருடம் மௌத்தான மூத்தாப்பாவின் பெயரில். பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமை.

அப்படி விட்டால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் மகள்மாருக்கு முன் மகன்மாருக்கே உரித்தைக் கொடுத்தது. கொத்தியது யார் என்று அது கேட்கவில்லை. 2022இல்தான் அந்த ஆண், பெண் வரிசையை நீக்கினார்கள். இப்போது பிள்ளைகளில் மூத்தவருக்கு முன்னுரிமை. உம்மாதான் மூத்தவர், மாமாமார் இளையவர்கள்.

மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்களோடு பிரதேச செயலகம் போகிறோம். கிணற்று மதிப்பீடு அதற்குப் பிறகுதான். தோழிகளே, உங்கள் வீட்டுப் பெர்மிட்டிலும் அந்த இடத்தைப் பாருங்கள்.