இடம் அறியும் உயிரணுக்கள்

நம் கையின் ஐந்து விரல்களிலும் எலும்பு, தசைநாண், தோல் என ஒரே வகைத் திசுக்களே உள்ளன. அவற்றின் உயிரணுக்கள் தாங்கும் மரபணுக்களும் ஒன்றே. அங்ஙனமாயின் ஓர் ஓரத்தில் கட்டைவிரலும் மறு ஓரத்தில் சுண்டுவிரலும் முறைமாறாது உருவாவது எவ்வாறு?

இவ்வினாவிற்கு விடைகாணக் கோழிக்கரு துணைநின்றது. முட்டைக்குள் வளரும் கருவில் சிறகு முதலில் சிறு மொட்டாகவே தோன்றும். அமெரிக்க அறிஞர்கள் ஜான் சாண்டர்ஸ், மேரி காசலிங் ஆகியோர் ஒரு மொட்டின் பின்விளிம்புத் திசுவைச் சிறிது எடுத்து, மற்றொரு மொட்டின் முன்விளிம்பில் பொருத்தினர். 1968-இல் வெளியான அவ்வாய்வின்படி, மூன்று விரல்கள் அமையவேண்டிய சிறகில் கூடுதல் விரல்கள் தோன்றின. அவை இயல்பான விரல்களின் கண்ணாடிப் பிம்பம்போல் எதிர்வரிசையில் அமைந்தன. அவ்வாறு விரல்களாக வளர்ந்தவை, பெரிதும் அம்மொட்டில் முன்பே இருந்த உயிரணுக்களே. அவை புதிய அண்டைத் திசுவின் ஆணைக்கு இணங்கின.

உயிரணு தன் இடத்தை அறிந்தே தன் வழியைத் தேர்கிறது என்னும் கருத்தை லூயிஸ் வோல்பர்ட் 1969-இல் விளக்கினார். பின்விளிம்பு உயிரணுக்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதத்தைச் சுரப்பது 1993-இல் கண்டறியப்பட்டது. அருகிலுள்ளவை அதனை மிகுதியாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் பெறுகின்றன. பெறும் அளவும் காலமும் எந்த விரல் எங்கே அமையும் என்பதை வகுக்கின்றன.

மனிதக் கருவிலும் இப்புரதம் இப்பணியைச் செய்கிறது. அது முன்விளிம்பிலும் சுரக்குமாயின், கட்டைவிரலின் பக்கத்தில் மிகைவிரல் தோன்றக்கூடும். ஆறு விரல்களோடு பிறக்கும் குழந்தையை நற்குறி என்றோ தீக்குறி என்றோ பேசுவோர் உளர். கருவில் ஒரு செய்தி இடம்மாறியதும் அதற்குக் காரணமாகலாம் என்பதை அறிந்தோர் அங்ஙனம் பேசார்.