காவல்துறையின் நண்பர்களா, கண்காணிப்பாளர்களா?

காவல்துறையும் மக்களும் இணைந்து செயல்பட வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அந்த இணைப்பில் யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி.

1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கப்பட்டுத் தமிழ்நாடு முழுவதும் பரவிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பில் தன்னார்வலர்கள் காவல் நிலையத்துக்கு உதவினர். நிலையத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் உயிரிழந்தபோது இவ்வமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு இதற்குத் தடை விதித்தது.

இதற்கு நேர்மாறான கட்டமைப்பு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் (1995) உள்ளது. 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி, பழங்குடிகளைச் சேர்ந்த உயர் அலுவலர் மூவர் ஆகியோருடன், அதே சமூகங்களிலிருந்து அலுவல்சாராதோர் ஐவர் வரையும், தன்னார்வ அமைப்புகளுடன் தொடர்புள்ள பிறர் மூவர் வரையும் இடம்பெறுவர். குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். இங்கு அமைப்புகள் காவல்துறைக்குத் துணைபோவதில்லை. அதன் பணியை மதிப்பிடுகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. இங்கோ சுமார் 4 விழுக்காடு மட்டுமே. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றுகூடத் தனித்தொகுதி அன்று. வாக்கு எண்ணிக்கையால் அழுத்தம் தர இயலாத மக்களுக்கு, அலுவல்சாரா உறுப்பினர்களின் இருக்கைகளே காவல் கண்காணிப்பாளரை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் சட்டபூர்வ இடம். நாகர்கோவில், பத்மநாபபுரம் ஆகிய கோட்டங்களிலும் 17அ விதிப்படி இத்தகைய குழுக்கள் இயங்க வேண்டும்.

குழுவுக்குப் புலன்விசாரணை அதிகாரம் இல்லை. உறுப்பினர்களை நியமிப்பதும் நிர்வாகமே. கேள்வி கேட்காதவர்களைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் இன்னொரு ‘நண்பர்கள்’ அமைப்பாகிவிடும். ஆகவே உறுப்பினர் பட்டியலையும் கூட்டக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோருவது முதல் வேலை. 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகள் எத்தனை, ஏழு நாள்களுக்குள் நிவாரணம் பெறாதோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது அடுத்தது. பாதிக்கப்பட்டோர் தன்னார்வ அமைப்புகளின் உதவியைப் பெறுவதை 15அ பிரிவு உரிமையாகவே ஆக்கியுள்ளது. அந்த உரிமையோடுதான் அமைப்புகள் காவல் நிலையப் படியேற வேண்டும். நட்பின் பெயரால் அல்ல.